சம்பந்தியார் அருந்தாமல் வைத்த கருப்பஞ்சாறு

உ
சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
பிலவங்க ஆண்டு மாசித் திங்கள் 16-ஆம் நாள்,
28-2-1968, புதன்கிழமை, அமாவாசை.

ஐயம்பேட்டை சாயப்பட்டறை உரிமையாளரும் என் அருமைச் சம்பந்தியாருமான உயர்திரு குப்புசாமி அவர்களுக்கு வீரபாகு வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடத்தில் நானும் என் மனைவி சம்பூர்ணமும் உடலளவில் நலம். தங்கள் மருமகளாகிய என் மகள் ஏலவார்குழலி நலம் என்று எழுதலாமா என்பதை அவளிடமே கேட்டேன். "எழுதிக்குங்க" என்றாள். ஆகவே அவளும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாள் தில்லையம்மாளும் மாப்பிள்ளை ராமலிங்கமும் நலமாக இருப்பீர்கள் என்று கருதுகிறேன்; பத்து நாட்களாகத் தங்களிடமிருந்து ஒரு சொல்லும் வராதபடியால் கருதத்தான் முடிகிறது.

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. 18-2-1968 ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துண்டு குழலியை அழைத்துச் செல்வதற்காக வந்த தாங்கள், விருந்தும் உண்ணாமல், கொடுத்த கருப்பஞ்சாற்றையும் அருந்தாமல், பெண்ணையும் அழைக்காமல் திரும்பிவிட்டீர்கள். அவளுடைய டிரங்குப் பெட்டி அன்று பூட்டியபடி கூடத்தில் இருக்கிறது. அதைத் திறந்து தினம் ஒரு சேலையை எடுப்பதும், துவைத்து உலர்த்தி மீண்டும் மடித்து வைத்துப் பூட்டுவதுமாக அவள் பொழுது கழிகிறது. பெண்ணைப் பெற்றவன் தானாகக் கொண்டுவந்து விடுவது நம் இரு குடும்பத்திலும் வழக்கமில்லை. அழைக்க வந்தவர்களே அழைத்துப் போக வேண்டும். ஆகவே அன்றைய சாறு சிவந்ததற்குக் காரணம் கரும்பே அன்றித் தங்கள் சாயம் அன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துவிட்டால், தங்கள் மனம் தேறி மீண்டும் வருவீர்கள் என்று நம்பி, அதன்பொருட்டு நான் செய்த சோதனைகளை எழுதுகிறேன்.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேலைப் பரிசோதகனாக இருந்து 30-6-1963 அன்று ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. (அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் உண்மையில் 29-ஆம் தேதி சனிக்கிழமை மாலையே பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். பெண் பார்க்க வந்தபோது 30 என்று சொன்னது சான்றிதழில் கண்டபடி, பொய் அன்று.) பிரித்துப் பார்க்காத சேலைக்கு நான் முத்திரை குத்தியதில்லை. அத்தகையவன் சொல்வதைத் தாங்கள் ஒரு கரும்பு வியாபாரி சொல்வதைப் போல எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்.

விருந்தினர் வந்தவுடன் குடிக்க என்ன கொடுப்பது என்ற பேச்சு 14-ஆம் தேதி புதன்கிழமை எழுந்தது. "எல்லார் வூட்லயும் கலர் பாட்டில் ஒடைச்சிக் குடுக்கறாங்க, நாமளும் அதையே குடுத்துட்டு வேலையப் பாப்போங்க" என்றாள் சம்பூர்ணம். பாட்டிலுக்குள் இருக்கும் பொருள் என்று காய்ச்சியது, எந்தத் தண்ணீரில் காய்ச்சியது என்று தெரியாமல் அதைச் சம்பந்திக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. கண் முன்னே பிழிந்த கருப்பஞ்சாறுதான் தங்கள் தகுதிக்கு ஏற்றது என்று முடிவு செய்து, மறுநாள் வியாழக்கிழமை மாகறலுக்குப் போய், அங்கே கரும்பு பயிரிடும் கோதண்டபாணி என்பவரைப் பார்த்தேன். "சாறுக்குன்னா வெள்ளக் கரும்பு எடுத்துக்கினு போங்க ஐயா. செங்கரும்பு கடிச்சித் தின்னத்தான் ஷோக்கா இருக்கும், பிழிஞ்சா தண்ணி நெறைய வரும், இனிப்பு அந்த அளவுக்கு வராது" என்றார் அவர். மங்கல காரியத்துக்கு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருவது எப்படி என்று நான் செங்கரும்பையே கேட்டேன். "சாமிக்கா, சம்பந்திக்கா?" என்று கேட்டார். சம்பந்திக்கு என்றேன். "அப்ப பயந்துக்கினு கேக்கறீங்க, சரி" என்று சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வெட்டி அனுப்பினார். ஞாயிறு காலையில் வெட்டியிருக்க வேண்டும். இது முதல் பிழை. கரும்பின் பக்கத்தில் எழுதிக்கொள்ளவும்.

இரண்டாவது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கையால் சுற்றும் இரும்பு இயந்திரம் வைத்துச் சாறு விற்கும் முனிசாமியை இயந்திரத்தோடு எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வரவழைத்தேன். சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கையை அவிழ்த்த பிறகே உள்ளே விட்டேன். அவர் கரும்பைச் சீவுவதற்காகக் கத்தியை எடுத்தார். தோலை ஒட்டிய பகுதியில்தான் சாரம் அதிகம் என்று நான் படித்திருந்தபடியால், சீவ வேண்டாம், கழுவினால் போதும் என்றேன். "சீவாம உட்டா தோல் நெறம் எறங்கிடும் சார், அப்பறம் என்னியக் கேக்கக் கூடாது" என்றார். அவர் சொன்ன இந்தச் சொற்களைத் தாங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக வடிகட்டும் துணி. முனிசாமி தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுத வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பருத்தித் துணி என்றாலும், யார் துவைத்தது, எந்தக் கொடியில் உலர்ந்தது என்று ஆராய வேண்டியிருக்கிறது, பட்டுக்குத் தீட்டில்லை. எங்கள் தறியில் 12-ஆம் தேதி சேலை அறுத்தபின் மிஞ்சிய அரக்கு நிறத் துண்டு ஒன்று, தண்ணீரே படாமல் புதிதாக இருந்தது. அது தங்கள் பட்டறையில் தை மாதம் சாயம் ஏற்றிய பட்டு. தாங்கள் தோய்த்த பட்டில் வடித்த சாற்றைத் தங்களுக்கே கொடுப்பதைக் காட்டிலும் பெரிய மரியாதை சம்பந்திக்குச் சம்பந்தி செய்ய முடியுமா என்று நான் நினைத்தேன். இதை இன்றுவரை தவறான எண்ணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்து நடந்தது தங்களுக்கே தெரியும். ஆயினும் இரு தரப்பும் ஒன்றாகப் பார்த்தது என்பதற்காக எழுதுகிறேன். வெள்ளி டம்ளரில் சாற்றைக் கொடுத்தேன். தாங்கள் அதை முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். சாறு மாதுளம்பூ நிறத்தில் இருந்தது. ஒரு விரலை விட்டு, கட்டை விரலோடு தேய்த்து, முகர்ந்து பார்த்தீர்கள். "எதுல வடிச்சீங்க?" என்றீர்கள். நான் பெருமையோடு துணியைக் காட்டினேன். அதைப் பிழிந்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் கெளம்பறேன், ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்றீர்கள். சம்பந்தியம்மாள், "ஏங்க, எலை போட்டாச்சுங்க, வடை வெச்சிட்டாங்க" என்றார்கள். "வடை எங்கயும் போவாது, நீ எந்திரி" என்று சொல்லி, வந்தவர்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். பத்துப் பேர் முன்னிலையில் தங்கள் சாயத்தைக் கழுவிக் காட்டி அவமதித்தேன் என்று தாங்கள் கொண்ட எண்ணம் எனக்கு அப்போதே புரிந்தது. தெருவுக்கும் புரிந்துவிட்டது. அன்று மாலை பிள்ளையார் கோயிலில் ஒருவர், "என்னாபா வீரபாகு, சாறு ஒடம்புக் கலரா, பார்டர் கலரா?" என்று கேட்டார். தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இப்போது காப்பி குடிக்கும்போது டம்ளரைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

19-ஆம் தேதி திங்கட்கிழமை சோதனையைத் தொடங்கினேன். முனிசாமியின் இயந்திரத்தை அவர் எடுத்துச் செல்ல வந்தபோது, விசாரணை முடியும்வரை பொருளை இடம் மாற்றுவது முறையன்று என்று தடுத்துவிட்டேன். "என் பொழப்பு?" என்றார். கொல்லைப் பக்கத்துக் கதவைத் திறந்து அங்கேயே வியாபாரம் செய்துகொள்ள இசைவளித்தேன். ஆகவே பத்து நாட்களாக எங்கள் கொல்லையில் சாற்றுக்கடை நடக்கிறது என்று தாங்கள் கேள்விப்பட்டால் அது உண்மையே. நான் தொழில் மாறிவிட்டேன் என்பது மட்டும் பொய். முதலில் சீவிய கரும்பையும் சீவாத கரும்பையும் தனித்தனியே பிழிந்தேன். சீவியது இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிவாக வந்தது. சீவாதது கலங்கி, மழைக்கால ஏரித் தண்ணீரைப் போல வந்தது. சிவப்பு வரவில்லை. அன்று அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

புதன்கிழமை இரும்பைச் சோதித்தேன். முந்தின நாள் மாலை உருளையில் ஒட்டியிருந்த சாற்றைக் கழுவாமல் விட்டு, காலையில் அதன் மேலேயே பிழிந்தேன். முதல் டம்ளர் மையைப் போலக் கறுத்து இருந்தது. துவர்ப்புள்ள பொருளோடு இரும்பு சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பதைச் சாயம் அறிந்த தங்களுக்கு நான் சொல்வது மிகை. உருளையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முதலில் வடிவதைக் கீழே ஊற்றிவிட்ட பிறகு வந்த சாற்றில் கருமை இல்லை. இதனால் பிழியும் கருவி சாற்றைக் கெடுக்கும் என்பது உறுதியாயிற்று. ஆனால் கருப்பாகக் கெடுக்கிறது, சிவப்பாகக் கெடுக்கவில்லை.

எத்தனை முறை பிழிவது என்பது வெள்ளிக்கிழமையின் சோதனை. ஒரே கரும்பை மூன்று முறை மடித்து உருளைக்குள் கொடுப்பது முனிசாமியின் வழக்கம். "கடைசிச் சொட்டுலதான் சார் வியாபாரமே" என்பார். மூன்று பிழிவையும் தனித்தனி டம்ளரில் பிடித்து, அண்டை வீட்டுக் கங்கையம்மாளைச் சுவைக்கச் சொன்னேன். எது எந்தப் பிழிவு என்று நான் சொல்லவில்லை. "அண்ணே, இது கல்யாண வூடு மாதிரி இருக்குது. இது கல்யாணத்துக்கு மறுநாளு மாதிரி இருக்குது. இது வாணாம், பந்தல் பிரிச்ச எடம் மாதிரி இருக்குது" என்று வரிசை தவறாமல் சொன்னார்கள். மூன்றாம் பிழிவில் நார் வாடையும் தொண்டையில் கரகரப்பும் இருந்தன. தங்களுக்குக் கொடுத்தது முதல் பிழிவு என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதே நாளில் அடிக்கரும்பையும் நுனியையும் ஒப்பிட்டேன்; அடி இனித்தது, நுனி உப்புக் கரித்தது. மறுநாள் சனிக்கிழமை, வெட்டி எட்டு நாள் ஆன கரும்பைப் பிழிந்ததில், சாறு குறைந்து புளிப்பும் தட்டியது. சம்பூர்ணம் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம பொண்ணு கணக்காவே இருக்குது. அனுப்ப வேண்டிய நாள்ல அனுப்பாம வெச்சிக்கினு இருந்தா எதுவும் புளிக்கத்தாங்க செய்யும்" என்றாள். இந்தக் கருத்து சோதனைக்குத் தொடர்பற்றது. ஆனாலும் குழலி எழுந்து உள்ளே போய்விட்டபடியால் குறிப்பிடுகிறேன்.

25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வெற்றி கிட்டியது. எலுமிச்சம்பழத்தை இதுவரை நான் கணக்கில் கொள்ளவில்லை. எலுமிச்சை பிழிந்தால் சாறு கறுக்காமல் நிற்கும் என்று சொல்லி, விருந்தன்றும் முனிசாமி சாற்றில் எலுமிச்சை பிழிந்திருந்தார். அது நிறத்தை மாற்றவும் செய்யும் என்பதை நானே கண்டேன். சீவாத செங்கரும்பின் சாற்றில் ஆறு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வெள்ளி டம்ளரில் ஊற்றி, விடியற்காலையில் கிழக்கு முகமாகத் தூக்கிப் பிடித்தேன். சிவப்பு! மெல்லிய சிவப்புதான் என்றாலும் சிவப்பு. சம்பூர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சூரியன் செவப்பா இருக்குதுங்க. சாறு இல்ல" என்றாள். முனிசாமி, "சார் சொன்னா செவப்புதான்மா, எனக்கு மிஷினு திரும்பக் கெடைச்சா போதும்" என்றார். இருவரில் ஒருவருடைய சாட்சியத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் பரிசோதனையில் நடந்ததை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. 26-ஆம் தேதி திங்கட்கிழமை சம்பூர்ணம், "அதே பட்டுல இன்னும் ஒரு சாண் துண்டு இருக்குதே, அதச் சாறுல நனைச்சிப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சி பூடுமே. எதுக்குங்க கரும்பப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?" என்றாள். சம்பந்தி தோய்த்த பட்டைச் சந்தேகிப்பது சம்பந்தியைச் சந்தேகிப்பதாகும் என்று நான் விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அவள் கிண்ணத்தில் சாற்றை ஊற்றித் துண்டை முக்கிவிட்டாள். நான் உடனே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். குழலி வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ" என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் எங்கோ கொட்டிவிட்டாள். அந்தச் சோதனையின் முடிவை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத எனக்கு உரிமையில்லை.

நேற்றுக் குழலி என்னிடம், "அப்பா, ஒரு தடவ ஐயம்பேட்டைக்குப் போயி மாமாவோட நேர்ல பேசினா முடிஞ்சி பூடும்" என்றாள். கையில் ஆதாரம் இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்டேன். "எனக்கு ஆதாரம்லாம் வாணாம்பா. அந்த வூட்ல என் பேரு என்னான்னே அவங்களுக்கு இன்னும் சரியாப் பழகல. நான் மூணு வேளையும் சாறு குடிச்சிக்கினு இங்க உக்காந்துக்கினு இருந்தா, பத்து நாள்ல மறந்துட மாட்டாங்களா?" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து, உலர்ந்த சேலையை மீண்டும் மடிக்கத் தொடங்கினாள். அதன்பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, கரும்பு செங்கரும்பு, அதை வெட்டிய நாள் தவறு, தோல் சீவப்படவில்லை, எலுமிச்சை கூடிவிட்டது. சாறு சிவந்ததற்கு இவை போதும். தங்கள் சாயம் கெட்டியானது, ஒரு துளியும் இறங்கவில்லை என்று முன்னாள் பரிசோதகன் என்ற முறையில் இதனால் சான்றளிக்கிறேன். மாகறல் கோதண்டபாணியின் கரும்பு குற்றமுள்ளது என்று அவர் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. தாங்கள் இதனை ஏற்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை 3-3-1968 அன்று வந்து குழலியை அழைத்துச் செல்ல வேண்டும். பெண்ணுக்காகத் தலை வணங்கிக் கேட்கிறேன். அன்று தங்களுக்கு வெந்நீர் மட்டும் தரப்படும்.

தில்லையம்மாளுக்கு என் மனைவியின் அன்பும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும் உரித்தாகுக. ஏகாம்பரநாதர் அருளால் தங்கள் பட்டறையில் கொப்பரை என்றும் கொதித்திருக்கட்டும், பட்டில் ஏறிய நிறம் நின்றிருக்கட்டும்.

தங்கள் சம்பந்தி,
வீரபாகு

பின்குறிப்பு:

29-2-1968, வியாழக்கிழமை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேதியில் எழுத நேர்ந்திருக்கிறது.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை ராமலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு கையும் முழங்கைவரை சிவப்பு. அதைக் கண்ட சம்பூர்ணம் காயம் என்று எண்ணிக் கூவிவிட்டாள். "ஐயோ அத்தே, ரத்தமில்ல, அரக்கு" என்றார். குழலி உள்ளேயிருந்து ஓடிவந்தவள், அவரைப் பார்த்ததும் நின்று, தன் இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவி எங்கே என்று என்னைக் கேட்டாள்.

தாங்கள் கோபித்துக்கொண்டு போனீர்கள் என்று நான் சொன்னதும் அவர் திகைத்துவிட்டார். "கோவமா? யார் சொன்னாங்க மாமா? அந்தச் சாறப் பாத்ததும் அப்பாவுக்குத் தெரிஞ்சிப் போச்சு, அந்தக் கொப்பரையில ஒரு கொதி கொறைஞ்சி, சாயம் பட்டுல நிக்கலன்னு. அதே கொப்பரைப் பட்டு மறுநாள் காலைல எல்லாத் தறிக்கும் போறதா இருந்துது. ஓடிப்போயி நிறுத்தினோம். முன்னாடியே போனதயும் திரும்ப வாங்கிக்கினு வந்து, பத்து நாளா மறுபடியும் காச்சிக்கினு இருக்கறோம். சோறு தின்னக்கூட நேரமில்ல. நேத்து ராத்திரிதான் முடிஞ்சுது. அப்பா எல்லார்கிட்டயும் உங்களப் பத்தித்தான் சொல்றாரு. 'வாயத் தொறந்து ஒரு வார்த்த குத்தம் சொல்லல. வெள்ளி டம்ளர்ல ஊத்தி, எனக்கு மட்டும் புரியற மாதிரி காட்டினாரு பாரு, பரிசோதகர்னா அவருதான்'னு" என்றார்.

இந்தப் பாராட்டைக் கேட்டதும் சம்பூர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்குச் சமையலறையில் வேலை இருப்பதை நினைவூட்டினேன்.

ஆகவே மேலே நான் மெய்ப்பித்துள்ள அனைத்தையும் மெய்ப்பிக்கப்படாதவையாகக் கொள்ள வேண்டுகிறேன். கரும்பு குற்றமற்றது. சாயம் இறங்கியது. நான் அளித்த சான்றை நம்பிப் பழைய பட்டில் எதையேனும் மீண்டும் தறிக்கு அனுப்பிவிட வேண்டாம். இவ்வளவு பக்கங்களையும் கிழிக்க மனம் வராமையால் கடிதத்தை அப்படியே குழலியிடம் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும். நான் இப்போது மாகறலுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும், கோதண்டபாணியைப் பார்க்க.

குழலி மாப்பிள்ளையோடு சைக்கிளில் வருகிறாள். பெட்டி பின்னால் பேருந்தில் வரும். அவள் கையிலுள்ள சொம்பில் இருப்பது முனிசாமி தம் கடைக்கு வாங்கிவந்த வெள்ளைக் கரும்பின் சாறு, இன்று காலை வெட்டியது, தோல் சீவியது, முதல் பிழிவு. வந்தவுடன் அருந்தவும். நார் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும், எதிலும் வடிகட்டவில்லை.